கார் டிராக்கர் உண்மையிலேயே வேலை செய்கிறதா? வாசலில் வைத்தே சோதிக்கும் முறை

செயலியைத் திறந்ததும் மேப்பில் கார் தெரிகிறது, அதனால் எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறோம். சர்வரோடு தொடர்பு அறுந்து போன டிராக்கரும் அப்படித்தான் தெரியும்: கடைசியாக அனுப்பிய இடத்திலேயே கார் ஐகான் நின்றுகொண்டிருக்கும். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் நேரத்தை. அந்த நேரம் இப்போதைய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடினால் பயப்பட வேண்டாம், கருவி சீன நேரத்தில் இருக்கிறது. ஐந்தரை மணி பின்னால் இருந்தால் கிரீன்விச் நேரம். செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம்.

வயர் இணைப்புள்ள, சிம் போட்ட கருவிகளுக்கான முறை இது. ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் துளை) செருகும் டிராக்கரைத் திருட்டுக்காக வாங்காதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டால் ஒரு நொடியில் பிடுங்கிவிடலாம்.

முதல் படி, சிம். கருவியில் உள்ள எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி நிலையைக் கேளுங்கள். பரவலாக விற்கும் கருவிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஸ்டேட்டஸ் என்று டைப் செய்து, இடைவெளி விடாமல் # போட்டால் பதில் வரும். உங்கள் கருவியின் கட்டளையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்பேட்டரி வோல்ட், டேட்டா இணைப்பு, செயற்கைக்கோள் கிடைத்ததா, இக்னிஷன் ஆனா ஆஃபா, எல்லாம் ஒரே பதிலில் இருக்கும். பேட்டரி 4.1 வோல்ட் அருகே இருந்தால் நல்லது. சாவியைப் போட்டு ஒரு முறை, எடுத்து ஒரு முறை கேளுங்கள். சாவியை எடுத்த பிறகும் ஆன் என்றே வந்தால், கருவியின் இக்னிஷன் வயரை எப்போதும் கரண்ட் வரும் வயரில் மாட்டியிருக்கிறார்கள்.

பதிலே வரவில்லையா? ரீசார்ஜ் முடிந்திருக்கலாம். கருவிகளுக்கென்றே தரும் 13 இலக்க எம்2எம் சிம் என்றால் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டுமே எஸ்எம்எஸ் போக வர அனுமதி உண்டு. விற்றவரிடம் கேட்க வேண்டியதுதான். 2ஜி கருவியில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது.

இரண்டாவது, இடம். காரை வானம் தெரியும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். புதுச்சேரியில் வடக்கு 11.9, கிழக்கு 79.8 என்ற அளவிலும், கடலூரில் 11.7, 79.7 என்ற அளவிலும் எண்கள் வரும். பத்து மீட்டர் பிசகுவது சகஜம். பல நூறு மீட்டர் தள்ளிக் காட்டினால் ஜிபிஎஸ் கிடைக்காமல் செல்போன் டவரை வைத்து ஊகிக்கிறது; டாஷ்போர்டுக்குள் ஏதோ இரும்புத் தகட்டுக்கு அடியில் திணித்திருக்கிறார்கள். பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோவில் வரை ஓட்டிப் போய்த் திரும்பி, பதிவான பாதையைப் பாருங்கள். பெண்ணையாற்றுப் பாலத்தில் கோடு பாலத்தை ஒட்டி வர வேண்டும். நடுவில் வயல்வெளிக்குக் குறுக்கே நேர்க்கோடு விழுந்தால் அங்கே டேட்டா விட்டுப்போயிருக்கிறது. சேமித்து அனுப்பும் கருவி என்றால் சற்று நேரத்தில் அந்த இடைவெளி தானாக நிரம்பும்.

மூன்றாவது, மின்சாரத்தைத் துண்டித்தால் எச்சரிக்கிறதா என்பது. இதுதான் முக்கியம், பலரும் தவிர்ப்பதும் இதைத்தான். கார் பேட்டரியின் டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கச் சொல்வார்கள். ஆனால் காரை ஓட்டிப் போகத் திருடனுக்கும் பேட்டரி வேண்டுமே! அவன் பிடுங்குவது டிராக்கர் வயரை. அதனால் நீங்களும் கருவிக்கு வரும் வயரில் உள்ள ஃப்யூஸைக் கழற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் 'மின்சாரம் துண்டிப்பு' எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் அலாரம் அணைந்திருக்கும், அல்லது உள்பேட்டரி செத்திருக்கும். சிலவற்றில் உள்பேட்டரிக்கு மூடிக்குள் தனி சுவிட்ச் உண்டு. ஃப்யூஸ் இல்லாமலே எவ்வளவு நேரம் இடம் காட்டுகிறது என்றும் பாருங்கள். மலிவுக் கருவியின் குட்டி பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

இந்தச் சோதனையை செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. போனைப் பூட்டி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஃப்யூஸை எடுங்கள். பல போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த செயலியைப் பின்னணியில் கொன்றுவிடும். எச்சரிக்கை காலையில் செயலியைத் திறக்கும்போதுதான் கொட்டும். செட்டிங்கில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்யுங்கள். போன் அழைப்பாகவே எச்சரிக்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், தூக்கத்தில் எஸ்எம்எஸ் சத்தம் கேட்காது.

நான்காவது, எஞ்சினை நிறுத்தும் ரிலே, அதாவது டிராக்கர் இயக்கும் மின் சுவிட்ச். கார் நின்ற நிலையில், ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் மட்டுமே. ஓடும் காரில் ஒருபோதும் வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தக் கட்டளை அனுப்புங்கள். பெட்ரோல் பம்ப் வயரில் ரிலே இருந்தால், குழாயில் மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்ததும் சில நொடிகளில் அடங்கும். பல கருவிகள் வேகம் 20 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலோ, ஜிபிஎஸ் கிடைக்காவிட்டாலோ இந்தக் கட்டளையை நிறைவேற்றாது. அடித்தளப் பார்க்கிங்கில் சோதித்துவிட்டு 'ரிலே பழுது' என்று முடிவுகட்டாதீர்கள்.

மீட்கும் கட்டளை கொடுத்து ஸ்டார்ட் செய்த பிறகு இன்னொன்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது, டிராக்கரிலிருந்து ரிலேவுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும். நின்றுவிட்டால் பம்ப் வயரை ரிலேயின் 30, 87ஏ முனைகளில் (ரிலேவுக்குக் கட்டளை வராதபோது இணைந்தே இருப்பவை) மாட்டாமல் 30, 87 முனைகளில் மாட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் என்றைக்காவது டிராக்கர் பழுதானால் கார் நடுரோட்டில் நின்றுவிடும். பொருத்தியவரிடம் கொண்டுபோய் மாற்றச் சொல்லுங்கள்.

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிய இணைப்பை ஏற்காதீர்கள். கடற்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடச் சொல்லுங்கள், எர்த் போல்ட்டில் துரு இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழை போல இன்னொன்று வந்து தண்ணீர் காருக்குள் ஏறினால், சீட்டுக்கு அடியில் வைத்த கருவியும் ரிலேவும்தான் முதலில் போகும். டாஷ்போர்டு உயரமே பாதுகாப்பு.

நாலைந்து நாள் நிறுத்தினாலே கார் பேட்டரி இறங்குகிறது என்றால் டிராக்கரைச் சந்தேகிக்கலாம். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையைப் பயன்படுத்தி, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டி, கதவுகளை மூடி அரை மணி காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் கவலை இல்லை. அதற்கு மேல் போனால் டிராக்கர் ஃப்யூஸை எடுத்துப் பாருங்கள். எண் சட்டென்று விழுந்தால் கருவி தூங்கும் நிலைக்குப் போகவில்லை, பெரும்பாலும் இக்னிஷன் வயரைத் தவறாக மாட்டியதுதான் காரணம். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டருக்குள் உள்ள ஃப்யூஸ் போய்விடும்.