நெட்வொர்க் டிரைவரோடு உங்கள் புரோகிராமைப் பேச வைப்பது எப்படி?

கேரக்டர் டிரைவர் (ஃபைல்போலத் திறந்து பைட் பைட்டாகப் படிக்கும் சாதனங்களுக்கான டிரைவர்) எழுதிப் பழகியவர்கள் நெட்வொர்க் டிரைவர் பக்கம் வந்ததும் முதலில் தேடுவது, சாதன ஃபைல்கள் இருக்கும் '/டெவ்' கோப்பகத்தில் எத்0 என்ற நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் எங்கே என்றுதான். அங்கே இருக்காது. லினக்ஸில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு டிவைஸ் ஃபைலே கிடையாது. சாக்கெட் (புரோகிராம் நெட்வொர்க்கை அணுகக் கெர்னல் தரும் வாசல்) வழியாகத்தான் போக வேண்டும். நம் டிரைவர் எண்ணி வைத்திருக்கும் ஒரு கவுண்டரை சி புரோகிராமிலிருந்து படித்துப் பார்ப்போம்.

படி 1: ஏஎஃப்_ஐநெட், சாக்_டிகிராம் வகையில் ஒரு சாக்கெட் திறங்கள். பைண்ட், கனெக்ட் எதுவும் வேண்டாம். பாக்கெட் ஒன்றும் வெளியே போகப்போவதில்லை. கெர்னலுக்குள் நுழைய, சாக்கெட்டைக் குறிக்கும் எண்ணான ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் இருந்தால் போதும்.

படி 2: இன்டர்ஃபேஸ் பற்றிய கோரிக்கையைக் கெர்னலுக்குக் கொண்டுபோகும் ஐஎஃப்ரெக் ஸ்ட்ரக்சரை முழுக்கப் பூஜ்யமாக்கிவிட்டு இன்டர்ஃபேஸ் பெயரை நிரப்புங்கள். இடம் 16 பைட். கடைசி பைட் பெயரின் முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கு (நல்) போக, பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதே ஸ்ட்ரக்சரின் ஐஎஃப்ஆர்_டேட்டா பாயிண்டரில், கவுண்டர் மதிப்பு வந்து சேர வேண்டிய உங்கள் பஃபரின் முகவரியை வையுங்கள்.

படி 3: எஸ்ஐஓசிடெவ்பிரைவேட் கட்டளையோடு ஐஓசிடிஎல் (டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) அழையுங்கள். ஹெக்ஸில் 89எஃப்0 முதல் 89எஃப்எஃப் வரை 16 எண்கள் டிரைவரின் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டவை.

படி 4: இனி டிரைவர் பக்கம். இந்தக் கட்டளை வரும்போது கெர்னல் அழைக்கும் டிரைவர் ஃபங்ஷன் பழைய பாடங்களில் என்டிஓ_டூ_ஐஓசிடிஎல் என்றுதான் இருக்கும். 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து இந்தக் கட்டளைகள் என்டிஓ_எஸ்ஐஓசிடெவ்பிரைவேட் ஃபங்ஷனுக்கு வருகின்றன. பழையதை மட்டும் எழுதி வைத்தால் கம்பைல் ஆகும், ஆனால் யாரும் அழைக்க மாட்டார்கள். எர்னோ (பிழை எண்) 95, அதாவது 'இந்தச் செயலுக்கு ஆதரவில்லை' என்பது கிடைக்கும்.

பயனர் கொடுத்த பாயிண்டரை நேராகத் தொடாதீர்கள். கெர்னலிலிருந்து பயனர் மெமரிக்கு நகலெடுக்கும் காப்பி_டு_யூசர் போட்டு, அது பூஜ்யம் அல்லாததைத் திருப்பினால் ஈஃபால்ட் (தவறான முகவரி என்ற பிழை) அனுப்புங்கள். இதைவிட முக்கியமானது அனுமதி. இந்த 16 கட்டளைகளுக்கும் கெர்னல் ரூட் உரிமையைச் சோதிப்பதில்லை. நெட்வொர்க் கார்டின் அமைப்பை மாற்றும் கட்டளை என்றால், அழைப்பவருக்குக் கேப்_நெட்_அட்மின் (நெட்வொர்க்கை நிர்வகிக்கும் உரிமை) இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் சாதாரண யூசர்கூட கார்டின் ரிஜிஸ்டரில் எழுதிவிடுவார். ஆர்டிஎன்எல் லாக் (நெட்வொர்க் அமைப்பு வேலைகள் எல்லாம் பகிரும் பூட்டு) பிடித்த நிலையில்தான் உங்கள் ஃபங்ஷன் ஓடுகிறது என்பதால் அதற்குள் நீண்ட நேரம் காத்திருக்கவும் கூடாது.

படி 5: ஓட்டிப் பாருங்கள். எர்னோ 19 வந்தால் இன்டர்ஃபேஸ் பெயர் தப்பு. 14 என்றால் பாயிண்டரில் கோளாறு. சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டால் எந்தக் கட்டளை போனது என்பதும் தெரியும்.

கெர்னலில் சேர்க்கப்போகும் டிரைவருக்கு இந்த வழி வேண்டாம், பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர்களுக்கு எத்டூல் என்ற கருவி இருக்கிறது, அதுவே 5.6 கெர்னலிலிருந்து நெட்லிங்க் (கெர்னலும் புரோகிராமும் செய்தி பரிமாறும் சாக்கெட் முறை) வழியாகவும் பேசுகிறது. டிரைவர் தானாகத் தகவல் அனுப்ப வேண்டுமென்றால் ஜெனரிக் நெட்லிங்க் படியுங்கள்.