பதிவு போடும் முன் அவளைக் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம். மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்த தங்கச்சி ஒருத்தி எங்கள் வட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவு அனுப்பினாள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்று மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள், கணக்கில் ஒரு சதமும் விழவில்லை, கேட்டால் முதலாளி ஏசுகிறார் என்று அழுதாள். எங்களுக்குக் கொதித்தது. ஒரு தம்பி கடையின் படத்தையும் அவளுடைய குரலையும் சேர்த்து முகநூலில் போட்டான். பெயரைப் போடவில்லை, ஆகவே அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தோம். நானும் பகிர்ந்தேன். இரவுக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மறுநாள் காலை கடை வாசலிலேயே அவளை மறித்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நல்ல மனதோடுதான் செய்தோம். வேலை போனது அவளுக்கு. பெண்களின் உழைப்புக்காக இணையத்தில் குரல் கொடுக்கிறவர்கள், குறிப்பாக இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள், அதே குழியில் விழக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயரை மறைத்தால் போதும் என்று நினைப்பது

எங்கள் ஊர்களில் ஒருவரை அடையாளம் காணப் பெயர் தேவையில்லை. "ஆரையம்பதிப் பிள்ளை, இரண்டு வருசமா அந்தக் கடையில நிக்குது" என்றால் முடிந்தது. குரலைக் கேட்டாலே மாமிக்கும் மச்சாளுக்கும் தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷொட்டில் முகப்புப் படம் இருக்கும், நம்பரின் கடைசி இலக்கங்கள் இருக்கும், அனுப்பிய நேரம் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பிய செய்தி என்றால் அந்த நேரத்தில் வெளியே வந்தவர் யார் என்று சுப்பர்வைசர் கணக்குப் பார்ப்பார். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பும்போது அதற்குள் இருக்கும் இடத் தகவல் நீங்கிவிடும். அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் நீங்காது. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் அனுப்புகிறார்கள்.

குரலை எழுத்தாக்குங்கள். ஊரையும் கடையின் வகையையும் மாற்றுங்கள். ஒருத்தியின் கதையைத் தனியாகப் போடாமல், அதே குறை உள்ள நான்கைந்து பேரின் கதையோடு சேர்த்து எழுதுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் அவளிடம் கேளுங்கள். "போடவா?" என்று ஒரு சொல்லில் கேட்டு, அவள் "ம்" என்றதும் போடுவது சம்மதம் ஆகாது. போட்டால் யார் யார் பார்ப்பார்கள், வீட்டில் என்ன நடக்கும், முதலாளி கண்டுபிடித்தால் என்ன செய்வாள், நாளைக்கு வேண்டாம் என்று சொன்னால் அழிக்க முடியுமா என்று எல்லாவற்றையும் பேசிய பிறகு வருவதுதான் சம்மதம். சிலருக்குச் சம்பளப் பாக்கி மட்டும் வேண்டும். சிலருக்கு யாராவது கேட்டாலே போதும். ஊரறிய ஒரு முதலாளியை நிறுத்த வேண்டும் என்பது அநேகமாக எங்களுடைய ஆசை. அவளுடையது இல்லை.

பதிவை முறைப்பாடு என்று நினைப்பது

ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் தொழில் திணைக்களத்தில் ஒரு கோப்புத் திறக்காது. அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டியது சட்டத்தை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 சதவீதம். அது முழுக்க முதலாளியின் பணம், சம்பளத்தில் வெட்டவே கூடாது. நிரந்தரம் இல்லை, நாட்கூலிதான், துண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு என்று சாட்டுச் சொல்வார்கள். தற்காலிக ஊழியருக்கும் அந்த நிதி உண்டு. பிள்ளைப்பேற்று விடுமுறை 84 நாட்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84தான், பாதியாகக் குறைக்க முடியாது. வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கருத்துப் பெட்டியில் சண்டை பிடித்துக்கொண்டே அந்த ஆறு மாதத்தையும் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆதாரம் போனுக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பெண்கள் பலர் அறிவதில்லை. நியமனக் கடிதம் இல்லாத இடத்தில், "நாளைக்கு ஏழரைக்கு வா" என்று சுப்பர்வைசர் அனுப்பிய செய்திதான் அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்குச் சாட்சி. கோபத்தில் நம்பரைத் தடுத்து உரையாடலையும் அழித்துவிடுகிறார்கள். தானாக மறையும் செய்தி இயங்குகிறதா என்று பார்ப்பதில்லை. திகதியும் நம்பரும் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் படமெடுத்து, நம்பிக்கையான இன்னொருவரின் போனிலும் ஒரு பிரதி வையுங்கள். ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம், தந்த காசு என்று தினமும் எழுதுங்கள். மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிவைச் செல்லாது என்று தள்ள முடியாது. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதைச் சொல்கிறது.

அப்புறம், தனியாகப் போக வேண்டியதில்லை. ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம்.

வேலை என்றால் கடையும் கந்தோரும்தான் என்று எண்ணுவது

வயலில் களை பிடுங்கி, அதே வெயிலில் நிற்கிற ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கும் பெண்ணைப் பற்றி யார் பதிவு போடுகிறார்கள்? மருதமுனையில் எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர் தறியில் நெய்கிற சாரிகள் முகநூல் நேரலையில் விற்பனையாகின்றன. பக்கம் வேறொருவருடையது. வாங்குகிறவர்களின் நம்பர்களும் வங்கிக் கணக்கும் அந்தப் பக்கக்காரரிடம். ராத்தாவுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கையில் வரும், அவ்வளவுதான். இதைத்தான் பலர் "டிஜிட்டல் பெண் தொழில்முனைவு" என்று புகழ்கிறார்கள். பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம், காசு யார் கணக்குக்குப் போகிறது என்று கேட்காமல் அப்படிப் புகழாதீர்கள்.

வீட்டு வேலை செய்கிற பெண்களின் நிலை இன்னும் மோசம். சேமலாப நிதிச் சட்டம் தனியார் வீட்டு வேலையை விட்டுவிட்டது. 2016இல் வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை. வீடு ஒரு வேலைத்தலம் என்று சட்டத்துக்கே இன்னும் தோன்றவில்லை. "வெளிநாட்டில் வேலை, விசிட் விசாவில் அனுப்பலாம்" என்று டிக்டொக்கில் வருவதைப் பகிர்கிறவர்கள் முதலில் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள்.

"எங்கள் பெண்களைக் காக்க" என்று வருவதையெல்லாம் பகிர்வது

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததை நாங்கள் மறக்கக்கூடாது. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த கட்டியைக் காட்டி, சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து என்றார்கள். சிங்களம் சரியாக வராத காசாளர் பயத்தில் தலையாட்டிய வீடியோ முகநூலில் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அதற்குள் கண்டிக்கு அருகே திகனவிலும் வன்முறை வெடித்து, மார்ச்சில் அரசாங்கம் முகநூலைச் சில நாட்கள் முடக்கியது. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

சமூகத்தின் மானத்தையும் எண்ணிக்கையையும் பெண்ணின் கருப்பையில் வைத்து எண்ணுகிற புத்திதான் அந்த வீடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தமிழ்ப் பக்கங்களிலும் முஸ்லிம் பக்கங்களிலும் அதே புத்தி வேறு உடையில் வருகிறது. வேலைக்குப் போகும் பெண் யாரோடு பேசினாள், எந்த மோட்டார் சைக்கிளில் ஏறினாள் என்று படமெடுத்துப் போடுவதும் இதன் கிளைதான்.

மிரட்டல் வந்தால் பதறுவது

வாய் திறக்கிற பெண்ணை அடக்க முதலில் கையில் எடுப்பது அவளுடைய படத்தைத்தான். வெட்டி ஒட்டிய படமோ உண்மைப் படமோ, "இதைப் பாருங்கள், எல்லாரும் ரிப்போர்ட் பண்ணுங்கள்" என்று குழுக்களில் அனுப்புவது அதைப் பரப்புவதுதான். படத்தை அனுப்பாதீர்கள், இணைப்பை மட்டும் ஓரிருவரிடம் கொடுங்கள். கணக்கை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். வயது 18 தாண்டியவர்கள் ஸ்டொப்என்சிஐஐ (StopNCII.org) என்ற தளத்தைப் பயன்படுத்தலாம். படம் போனைவிட்டுப் போகாது, அதன் அடையாளக் குறி மட்டும் போகும், அதை வைத்து முகநூலும் இன்ஸ்டாகிராமும் அந்தப் படத்தைத் தடுக்கும். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் இலக்கம் 101, பெண்கள் உதவிச் சேவை 1938. "ஏன் படம் அனுப்பினாய்?" என்ற கேள்வியை யாரும் கேட்க வேண்டாம். அவள் அதைத் தன்னிடமே ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்.

முதலாளியின் பெயரைப் போட்டு எழுதுகிறவர்கள் இணையத்தில் பொய்யான கூற்றைப் பரப்புவதைக் குற்றமாக்கி 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மனதில் வைத்திருங்கள். கடுமையான விமர்சனத்துக்கு ஆளான சட்டம் அது. கையில் தாள் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

போன் மட்டுமே போராட்டம் என்று நினைப்பது

1991இல் தொடங்கி 1993இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்துப் பெண்கள் நாடகத்தோடும் பாட்டோடும் போரின் நடுவே ஊர் ஊராகப் போனார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இதே நகரத்துப் பெண்கள் நீதிக்காக நாள்தோறும் வெயிலில் நடந்தார்கள். அந்த நடையின் படங்கள் இணையத்தில் வந்தன, சரி. நடந்தது கால்கள். சூம் கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறைப்படாதீர்கள். அது அடுப்பு எரிகிற நேரம், டேட்டாவும் முடிந்திருக்கும், வீட்டில் இருக்கிற ஒரே போன் அண்ணனிடம் இருக்கும்.

அந்தத் தங்கச்சியோடு பிறகு தொழில் அலுவலகத்துக்குப் போனோம். பல தடவை அலைந்து, சில மாதங்களில் அவளுடைய பணம் கணக்குக்கு வந்தது. பதிவை அழிக்கச் சொன்னாள், அழித்தோம். அடுத்த வருடம் இன்னொரு கடைக்கு வேலை கேட்டுப் போனபோது, அங்கிருந்தவர் தன் போனை எடுத்து அதே குரலைப் போட்டுக் காட்டி, "இது நீதானே?" என்று கேட்டாராம்.