பூனைக்குட்டிக்கு வயிறு கெட்டால் முதலில் பால் கிண்ணத்தை எடுங்கள்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பூனை குட்டி போட்டாலும் சேதி என் தையல் மெஷினுக்கு வந்து சேர்ந்துவிடும். "அக்கா, குட்டிக்குத் தண்ணியா போகுது, என்ன மாத்திரை குடுக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன ஊத்தின? பாக்கெட் பால் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரை குட்டிக்குச் சரியாகச் செரிக்காது. செரிக்காதது குடலில் தண்ணீரை இழுக்கும், புளித்து வாயு கட்டும், அப்புறம் பேதிதான். பூனைப்பாலில் இருக்கிற அளவு புரதமும் கொழுப்பும் பசும்பாலில் கிடையாது. தண்ணீர் கலந்து கொடுத்தால் இருக்கிற சத்தும் போய்விடும்.

நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டி என்றால், செல்லப்பிராணிக் கடையில் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரை வாங்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் வெதுவெதுப்பாகக் கலக்க வேண்டும். குட்டியைக் கவிழ்ந்து படுத்த வாக்கில் வைத்தே புகட்டுங்கள். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். உடம்பு சில்லென்று இருக்கிற குட்டிக்கு எதையும் புகட்டாதீர்கள், செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அணைத்து வைத்துச் சூடேற்றிய பிறகுதான் பால்.

அளவு முக்கியம். 100 கிராம் எடையுள்ள குட்டியின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 4 மில்லிதான் தாங்கும். பாவமே என்று கூடுதலாக ஊற்றினால் அதுவே பேதியாகும். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து தினமும் எடை பாருங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். எடை நின்றாலோ இறங்கினாலோ, குட்டி துள்ளி விளையாடினாலும் நான் நம்ப மாட்டேன்.

பிறந்து மூன்று வாரம் வரைக்கும் குட்டிக்குத் தானாக மலஜலம் கழிக்க வராது. தாய் நக்கிவிடுவாள். தாய் இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். வயிறு உப்பிக் கிடக்கும் குட்டிகளில் சிலவற்றுக்கு இதைச் செய்தாலே போதும்.

பால் விஷயம் சரியாக இருந்தும் பேதி நிற்கவில்லையா? புழுவைச் சந்தேகப்படுங்கள். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை. வாந்தியிலோ மலத்திலோ வேகவைத்த சேமியா மாதிரி நெளியும். ஆசனவாயைச் சுற்றி அரிசி அளவில் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் வருவது அது. தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். பூச்சி மருந்து இரண்டு வார வயதிலிருந்தே கொடுக்கலாம். ஆனால் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காக்சிடியா, ஜியார்டியா என்று கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் உண்டு. காக்சிடியா வழக்கமான பூச்சி மருந்துக்கு மசியாது. அதனால் மருத்துவரிடம் போகும்போது அன்றைய மலத்தைக் கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி வரிசையில் நான் அப்படித்தான் டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன்.

சாப்பிடத் தொடங்கிய குட்டிக்கு வயிறு கெட்டால் பட்டினி போடாதீர்கள். எலும்பில்லாத கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, பிய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களையே உடைத்துவிடும், குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிப் போடுவதும் வேண்டாம். கோழி மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு முறியும், ஆகவே இது சில நாள் பத்தியம் மட்டுமே. காசிமேடு பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நெத்திலியைப் பச்சையாகப் போடுவதில்லை. பச்சை நெத்திலி உடம்பிலிருக்கும் பி1 வைட்டமினைக் கெடுக்கும். வேகவைத்து, முள் எடுத்து, எப்போதாவது போடலாம். தயிர்சாதத்தில் வளர்ந்த பூனைக் கதை தெருவுக்கு ஒன்று இருக்கும். அந்தப் பூனை வெளியே எத்தனை எலி பிடித்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

புது உணவுக்கு மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால்.

மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். என் தொழில் காரணமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நூல், பூக்கட்டும் நார், இவை எட்டுகிற இடத்தில் கிடக்கவே கூடாது. வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மலத்தில் ரத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, வெளுத்த ஈறு, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலை கவிழ்ந்தும் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது, அரை நாளாக எதுவும் சாப்பிடாதது: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பேன்லூகோபீனியா என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும். அந்த நோய் வந்து போன இடத்தில் கிருமி ஒரு வருடம்கூடத் தங்கும். பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கழுவிக் காயவிடுங்கள். ஃபினாயில் வேண்டாம், பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே பூனைக்கு விஷம். தடுப்பூசி முடியாத குட்டி எதையும் அந்த இடத்தில் கொண்டுவந்து விடாதீர்கள்.