சோழர் கோயில் என்று சொல்வதற்கு முன் போதிகையைப் பாருங்கள்

போன மாதம் நான்கைந்து இளைஞர்களைத் தாரமங்கலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். சேலத்தில் இருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கைலாசநாதர் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதுமே ஒரு தம்பி, "அண்ணா, இது சோழர் கோயில்தானே?" என்றான். கோயில் பார்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் இதே இடத்தில் நின்று இதையேதான் சொன்னேன். அவனாவது கேட்டான். நான் முடிவாகவே சொல்லிவிட்டேன்.

சிற்பத்தின் மேல் சாய்ந்து படம் எடுக்கக் கூடாது, கல்வெட்டில் மாவு பூசிப் படிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்ல ஆர்வத்தோடு வருபவர்களே மறுபடியும் மறுபடியும் விழும் குழிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எல்லாமே சோழர்

நம் சேலம் பகுதி ஒரே அரசரின் கையில் இருந்த நாடு அல்ல. வடக்கே தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, நுளம்பர் என்ற அரச மரபின் கையில் இருந்தது. ஆறகளூரில் வாணகோவரையர்கள் என்ற சிற்றரசர்கள் இருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர், பாண்டியர் இருவருமே இந்தப் பக்கம் வந்துபோனார்கள். தாரமங்கலத்தில் நாம் வியந்து பார்க்கும் முன்மண்டபமோ மதுரை நாயக்கர்களுக்குக் கீழே இருந்த கெட்டி முதலிகளின் கொடை. ராமன் மறைந்து நிற்கும் தூணில் இருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியிடம் இருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். இந்த விளையாட்டை ராஜராஜன் காலத்துத் தூணில் தேடினால் கிடைக்காது. அதைச் சோழர் என்று சொல்லிவிட்டால், செய்தவர்களிடம் இருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

ஒரு கல்லை வைத்து முழுக் கோயிலுக்கும் வயது சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சேலத்துக்கு வடக்கே ஒரு கிராமத்துச் சிவன் கோயில். கருவறையின் வெளிச்சுவரில் ஒரே ஒரு கல்லில் எழுத்து இருந்தது. 'கோப்பரகேசரி' என்று படிக்க முடிந்தது. பரகேசரி சோழர் பட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, "ஆயிரம் வருஷத்துச் சோழர் கோயில்" என்று சொன்னேன். அவர்களுக்கும் சந்தோஷம். அப்புறம் ஒருவர் முன்மண்டபத்தைக் காட்டி, "அது எப்போ கட்டினதுங்க?" என்று கேட்டார். "அது பிற்காலத்து வேலைங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் போனேன். திருப்பணி முடிந்திருந்தது. முன்மண்டபம் இல்லை. அந்த இடத்தில் கான்கிரீட் கூடம், தரையில் வழவழப்பான டைல்ஸ். பழைய தூண்களில் இரண்டு வேப்பமரத்தடியில் கிடந்தன. மற்றவை உடைபட்டு அஸ்திவாரத்துக்குள் போய்விட்டன. மரத்தடியில் கிடந்த ஒன்றில், கையில் கிளி ஏந்திய ஒரு பெண். மூக்கு உடைந்திருந்தது. ஏன் இடித்தீர்கள் என்று கேட்டேன். "நீங்கதானே தம்பி பிற்காலத்து வேலைன்னு சொன்னீங்க" என்றார் அதே பெரியவர். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அன்றைக்குத்தான் அந்தச் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். எழுத்துள்ள கல்லின் இரு ஓரத்திலும் வரிகள் பாதி எழுத்தில் அறுபட்டு நின்றன. பக்கத்துக் கற்களில் தொடர்ச்சி இல்லை. எங்கோ இருந்த சுவர் கலைந்து, அதன் கல் ஒன்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே, கருவறையை ஒட்டிய அர்த்தமண்டபத்துத் தூண்களில் போதிகை, அதாவது தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இருக்கும் கல், பூமொட்டாக நீண்டிருந்தது. அது சோழருக்குப் பிந்தைய பாணி. நான் சோழர் என்று சொன்ன கட்டடமும் பிற்காலத்தது, பிற்காலம் என்று ஒதுக்கிய மண்டபமும் அதே காலத்தது. இரண்டையும் தப்பாகச் சொன்னேன், போனது மண்டபம்.

ஆகவே கல்வெட்டைக் கண்டால் முதலில் கல்லின் இணைப்பைப் பாருங்கள். வரி இணைப்பைத் தாண்டி அடுத்த கல்லிலும் ஓடினால் அது பொறித்த இடத்திலேயே இருக்கிறது. அதுவும் போதாது. திருக்கோடிக்காவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக எடுத்தபோது பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் சொன்னார். அங்கே வாசகம் பழையது, சுவர் புதியது. தூண்களும் ஊர் மாறும். திருவையாற்றில் நுளம்பர் தூண்கள் நிற்கின்றன. சோழர் கோயிலான தாராசுரத்தில் கிடைத்த துவாரபாலகர் (வாயிற்காவலர் சிலை) ஒருவர், சோழன் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்தவர். பீடத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. அவரை வைத்துத் தாராசுரத்தைச் சாளுக்கியர் கோயில் என்று யாராவது சொல்வோமா?

சரி, எதைப் பார்ப்பது? அந்தப் போதிகையைப் பாருங்கள். பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலை அலையாக வரி ஓடி, நடுவில் ஒரு பட்டையோடு இருக்கும். சோழரில் சாய்வாக வெட்டி நடுவே ஒரு முனை நீட்டுவார்கள். பிற்காலச் சோழரில் அந்த முனை பூவாகத் தொடங்கும். விஜயநகரத்தில் மொட்டாகித் தொங்கும். நாயக்கர் காலத்தில் வாழைப்பூ மாதிரி நன்றாக இறங்கிவிடும். இந்த வரிசையை நூறு வருடத்துக்கு முன்பே புதுச்சேரியில் இருந்த ழுவோ துப்ராய் முறையாக எழுதிவைத்தார். கருவறை, அர்த்தமண்டபம், முன்மண்டபம் மூன்றிலும் போதிகையைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அதிஷ்டானத்துக்கு, அதாவது சுவருக்குக் கீழே உள்ள அடித்தளத்துக்கு இறங்குங்கள்: அதன் நடுவில் புடைத்து ஓடும் குமுதம் உருண்டையா, பட்டையா, மேலே யாளி உருவங்கள் வரிசையாக ஓடும் யாளி வரி உண்டா. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காலம் எழுதுங்கள். கோயிலுக்கு என்று ஒரே காலம் எழுதாதீர்கள்.

"பிற்காலம்" என்ற சொல்லை ஊர்க்காரர்கள் முன்னால் நான் இப்போது சொல்வதே இல்லை. "முந்நூறு நானூறு வருஷத்து மண்டபம்" என்று சொல்கிறேன்.

பேலூர் மாதிரி இல்லையே என்று குறைப்படுவது

கர்நாடகத்தில் ஹொய்சாளர் காலத்தில் 1117-இல் எழுந்த பேலூர்க் கோயிலின் கல் மாக்கல் வகை. வெட்டும்போது மிருதுவாக இருக்கும். அதில் கம்மல் தொங்கட்டானைக்கூட நூல் நூலாக எடுக்கலாம். நம் சிற்பிக்கு வாய்த்தது கருங்கல். சேர்வராயன் மலை முழுக்க சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. ஏற்காட்டு மலைப்பாதையில் வெட்டிவிட்ட பாறையை ஒரு முறை தொட்டுப்பாருங்கள், உளி என்ன பாடுபடும் என்று புரியும். கருங்கல்லில் சிற்பி உருவத்தின் திரட்சியையும் வளைவையும் நம்புகிறான். அப்படியும் தாரமங்கலத்து யாளியின் வாயில் கல் உருண்டை உருள்கிறது, வெளியே எடுக்க முடிவதில்லை. அந்தக் கல்லில் அதைச் செய்தவர்களை எதோடும் ஒப்பிட எனக்கு மனசு வராது.

குடைவரை என்றால் பல்லவர்

பாறையைக் குடைந்து செய்த நாமக்கல் குடைவரைகள் அதியர் என்ற சிற்றரச மரபினருடையவை. கல்வெட்டே அதியேந்திர விஷ்ணு கிருகம் என்கிறது.

வேசரம் என்றால் கர்நாடகம்

தென்னாட்டு நூல்களில் இது, கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் உச்சியில் உள்ள சிகரத்தின் வடிவத்துக்கான பெயர்: நாலு பட்டை நாகரம், எட்டுப் பட்டை திராவிடம், வட்டம் வேசரம். தமிழ்நாட்டிலேயே வேசர சிகரம் எத்தனையோ உண்டு.

சுதை உருவங்களை வைத்துக் காலம் சொல்வது

வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் செய்த அவை ஒவ்வொரு குடமுழுக்குக்கும் புதிதாகின்றன.