பழைய ஒலிப்பதிவைப் படத்தில் சேர்க்குமுன் பெற வேண்டிய அனுமதிகள்

கட்டணம் பெற்றுக்கொண்டு ஒலிநாடாவின் நகலைக் காப்பகம் கொடுத்துவிட்டால் அனுமதியும் சேர்ந்தே வந்துவிட்டதாகச் சுயாதீன இயக்குநர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். காப்பகத்துக்குச் சொந்தம் நாடா மட்டுமே. அதில் பதிவான ஒலியின் பதிப்புரிமை பெரும்பாலும் வேறு யாரிடமோ இருக்கும். ஆகவே கட்டணம் பேசுவதற்கு முன்பே, அந்தப் பதிவு எந்த ஒப்பந்தத்தின் பேரில் காப்பகத்துக்கு வந்தது என்று கேட்டு, ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கிப் பாருங்கள்.

அடுத்து, பதிவைக் காதொலிப்பானில் வினாடி வினாடியாகக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். நாற்பது வினாடி வானொலிப் பேட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒலிபரப்பிய நிலையம், பேட்டி எடுத்தவர், கொடுத்தவர் என்று முதலில் மூவர் தெரிகிறார்கள். பதினெட்டாவது வினாடியில் பேசுபவர் ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடிக்காட்டினால், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், அல்லது அவர்களது உரிமையை வைத்திருக்கும் வெளியீட்டாளரும் கணக்கில் வந்துவிடுவார்கள். அவர்களிடம் பெறுவது சிங்க் உரிமம், அதாவது பாடலைக் காட்சியோடு இணைப்பதற்கான அனுமதி. பின்னணியில் அந்தப் பாட்டின் இசைத்தட்டே ஓடினால், ஒலிப்பதிவு நிறுவனத்திடம் மாஸ்டர் உரிமமும், அதாவது அந்தக் குறிப்பிட்ட பதிவையே பயன்படுத்தும் அனுமதியும் வேண்டும். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் அந்தத் துண்டைப் பயன்படுத்த முடியாது.

பழையது என்பதாலேயே எதுவும் பொதுச்சொத்து, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடியது, ஆகிவிடாது. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டு. ஆனால் அதிலுள்ள பாடலுக்கோ படைப்பாளியின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு. அமெரிக்காவில் 1923க்கு முன் வெளியான பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று விடுபட்டன. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டுக் கணக்கு. வெளியிடப்படாமலே பெட்டியில் கிடந்த பழைய பதிவுக்கோ 2067 பிப்ரவரி 15 வரை அங்கே பாதுகாப்பு உண்டு. காப்பகப் பதிவுகளில் பல இந்த வகைதான் என்பதால், ஏமாந்துபோகும் இடமும் இதுவே.

அனுமதிக் கடிதத்தில் எந்த வினாடியிலிருந்து எதுவரை, எந்தக் காட்சியில், எந்தெந்த ஊடகங்களில், எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். பணம் குறைவென்றால் முதலில் திரைப்பட விழாக்களுக்கு மட்டும் உரிமம் கேட்கலாம். ஆனால் ஓடிடி, தொலைக்காட்சி விற்பனைக்கான தொகையையும் அப்போதே எழுத்தில் நிர்ணயித்துவிடுவது நல்லது, ஏனெனில் படம் விலைபோன பிறகு பேரம் பேசும் பலம் நம்மிடம் இராது. பாடலின் உரிமையாளரும் ஒலிப்பதிவின் உரிமையாளரும் சமமான தொகை கேட்பது வழக்கம். ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் மற்றவருக்கும் கூட்ட வேண்டியிருக்கும்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத பதிவுகளும் உண்டு. அப்போது யாருக்கு, எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்பதையெல்லாம் கோப்பில் வையுங்கள். பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் அரசு அமைப்பிடமே உரிமம் கோர வழி இருக்கிறது, அதற்கு இந்தத் தேடல் குறிப்பைத்தான் கேட்பார்கள். நியாயமான பயன்பாடு என்ற விதிவிலக்கை, அதாவது சில நோக்கங்களுக்கு அனுமதியின்றியே பயன்படுத்தச் சட்டம் தரும் இடத்தை, நம்புவதாக இருந்தால், வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான கருத்தைப் படத்தொகுப்பு இறுதியாகும் முன்பே வாங்குங்கள். தயாரிப்புக் காப்பீடு கொடுப்பவர்களும் விநியோகஸ்தர்களும் வழக்கறிஞரின் அந்தக் கடிதத்தையும், கையெழுத்தான உரிமங்களையும், படத்தில் வரும் இசைத் துண்டுகளின் பட்டியலான கியூ ஷீட்டையும் சேர்த்தே கேட்பார்கள்.