வளைகுடா நீரோட்டம் நின்றதால்தான் குளிர் வந்ததா?

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் விலகிக்கொண்டிருந்த வேளையில், வட அட்லாண்டிக்கைச் சூழ்ந்த நிலங்கள் மறுபடியும் உறைகுளிருக்குள் போயின. யங்கர் டிரையஸ் எனப்படும் இந்தக் காலம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. இதை விளக்கும் பலரும் “வளைகுடா நீரோட்டம் நின்றுவிட்டது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் உறுத்தும் தவறு இதுதான்.

மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வட அட்லாண்டிக்கில் பாயும் இந்த வெப்ப நீரோட்டத்தைப் பெரும்பாலும் இயக்குவது காற்று. காற்று வீசும்வரை அது ஓடும். தளர்ந்தது வேறொன்று: வடக்கே சென்ற உவர்நீர் குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்பும் சுழற்சி. உருகிய பனியின் நன்னீர் மேலே பரவினால் உப்பு குறைகிறது. குளிர்ந்தாலும் அந்த நீர் ஆழத்துக்கு இறங்கும் அளவுக்குக் கனப்பதில்லை. வடக்கே வந்துசேரும் வெப்பமும் குறைகிறது.

அடுத்தது, “நின்றது” என்ற சொல். அந்தச் சுழற்சி எவ்வளவு தளர்ந்தது என்பதைக் கடலடி வண்டல் சொல்லும். கடல்நீரில் கரைந்துள்ள யுரேனியம் சிதைந்து தோரியமும் புரோட்டாக்டினியமும் உண்டாகின்றன. தோரியம் துகள்களில் ஒட்டிக்கொண்டு விரைவில் அடியில் படிந்துவிடும். புரோட்டாக்டினியமோ நீரோடு நெடுந்தொலைவு போகும். ஓட்டம் தளர்ந்தால் அதுவும் அங்கேயே படியும். வண்டலில் இவ்விரண்டின் விகிதத்தைப் பார்த்தால் ஓட்டத்தின் வலிமை தெரியும்; எத்தனை அழகான அளவுகோல்! வட அட்லாண்டிக்கின் பெர்முடா தீவுக்கு அருகே எடுத்த வண்டலை இப்படிச் சோதித்த ஆய்வு 2004இல் வெளியானது. சுழற்சி ஏறக்குறைய நின்றது சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறைகள் கூட்டமாக அட்லாண்டிக்கில் மிதந்து உருகிய காலத்தில். யங்கர் டிரையஸில் அது வெகுவாகத் தளர்ந்தது, அவ்வளவே. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது.

உலகமே குளிர்ந்தது என்பதும் சரியல்ல. வடக்கே போகாத வெப்பம் தெற்கில் தங்கியது. கிரீன்லாந்து உறைந்தபோது அண்டார்க்டிகா வெப்பமடைந்தது. நம் தென்மேற்குப் பருவமழையும் அப்போது வலுவிழந்ததை அரபிக்கடல் வண்டல் காட்டுகிறது.

பனியுகங்களுக்கே ஆழ்கடல்தான் மூலகாரணம் என்றும் எழுதிவிட வேண்டாம். அவற்றின் தாளத்தை வகுப்பது பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்கள். கரியமில வாயுவைத் தேக்கியும் விடுவித்தும் ஆழ்கடல் அந்த மாற்றங்களின் விளைவைப் பெருக்குகிறது.

காலக்கணிப்பில் நேரும் பிழை மாணவர்களுக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டும். கடலில் உள்ள கார்பன் பழையது. மேற்பரப்பில் வாழ்ந்த உயிரியின் ஓடுகூட, கதிரியக்கக் கார்பன் சிதைவைக் கொண்டு வயதைக் கணிக்கும் கார்பன்-14 முறையில் பொதுவாகச் சுமார் 400 ஆண்டுகள் கூடுதல் வயது காட்டும்; ஆழத்து ஓடுகளில் வேறுபாடு இன்னும் அதிகம். அந்தக் கூடுதலைக் கழிக்காமல் கிரீன்லாந்துப் பனியடுக்குகளின் காலத்தோடு ஒப்பிட்டால், எது முந்தியது, எது பிந்தியது என்பதே தலைகீழாகிவிடும்.