வலது கை நிற்கக் கூடாது: கிட்டார் பழகுவோர் தாளத்தில் செய்யும் தவறுகள்

கோவையில் கிட்டார் பழக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பழகிய காலத்தில் நான் செய்த அதே பிழைகளை இவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. சுருதி சேர்க்காமல் வாசிப்பது, கம்பியை மீட்டும் வில்லையான பிக்கை இறுக்கிப் பிடிப்பது எல்லாம் சீக்கிரமே சரியாகிவிடும், யாராவது சொல்லியும் விடுவார்கள். தாளப் பிழை அப்படியில்லை. வாசிப்பவர் காதுக்கு அது கேட்பதே இல்லை.

கார்டு மாறும்போது கையை நிறுத்துவது

கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு. ஸி கார்டிலிருந்து எஃப் கார்டுக்குப் போகும்போது இடது கை விரல்கள் இடம் தேடும். அதுவரை வலது கை கம்பிகளுக்கு மேலே அப்படியே நிற்கும். விரல் அமர்ந்த பிறகுதான் அடுத்த அடி விழும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பாட்டும் நமக்காக நின்றுகொள்வதால் ஒன்றும் தெரியாது. நிமிடத்துக்கு 80 பீட், அதாவது 80 தாளத் தட்டு என்றால் ஒரு பீட்டுக்கு முக்கால் விநாடிதான். அரை விநாடி தயங்கினாலே பாட்டு நம்மைத் தாண்டிப் போயிருக்கும்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். அறையில் அவன் வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கல்லூரி விழாவில் டிரம்ஸோடு மேடையேறினான். ஸி, ஜி, ஏ மைனர், எஃப் என்று சுற்றி வரும் பாட்டு. ஒவ்வொரு எஃப்புக்கும் கை சற்று நின்றது. இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் ஓரிடம், கிட்டார் வேறோரிடம். பாடிய பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேடை பயம் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு கிட்டாரை உறைக்குள் போட்டுவிட்டான். அது பயமே இல்லை. அறையில் தினமும் பழகிய தயக்கம்தான் மேடைக்கும் வந்தது. "முதல்ல கார்டு வரட்டும், தாளம் அப்புறம் தானா வரும்" என்று யாரோ சொன்னதை நம்பியதன் பலன். இன்றைக்கும் அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

"ஏனுங்க சார், வெரல் உக்காராம எப்படிங்க அடிக்கிறது?" என்று கேட்பார்கள்.

"அடி கண்ணு. வெறுங்கம்பியா இருந்தாலும் அடி. கை மட்டும் நிக்கக் கூடாது."

மாற்றத்துக்கு முந்தைய கடைசி மேலடியிலேயே, அதாவது கை கீழிருந்து மேலே போகும் அடியிலேயே, இடது கையை எடுத்துவிடுங்கள். அந்த ஓர் அடி திறந்த கம்பிகளில் விழும். ஸி, ஜி, ஏ மைனர் புழங்கும் பாட்டில் அது பெரும்பாலும் உறுத்தாது. எஃப் முழுதாக வரவில்லையா? அதற்குப் பதில் மூன்று விரலில் பிடிக்கும் எஃப் மேஜர் செவன் கார்டு போதும். நேரத்துக்கு வந்த அரைகுறை கார்டைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், பிந்தி வந்த சரியான கார்டைப் பொறுக்கமாட்டார்.

பழகும் முறை இதுதான். இடது கையைக் கம்பிகள்மேல் லேசாகப் படுக்க வையுங்கள். சுரம் வராது, 'சக்கு சக்கு' என்று மட்டும் கேட்கும். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, வாயால் 'தக தக' சொல்லிக்கொண்டு, 'த'வுக்குக் கீழே, 'க'வுக்கு மேலே அடியுங்கள். அது தடுமாறாமல் வந்த பிறகு இரண்டே கார்டுகளை மாற்றிப் பாருங்கள்.

நம் ஊர்களில் சாயங்காலம் வள்ளி கும்மி பழகுவதைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர் கையசைவை மறந்தாலும் கால் நிற்காது. நின்றால் பின்னால் வருபவர் மோதுவார். கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்களையும் அந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். வட்டத்துக்குள் நின்று பத்து நாள் ஆடினால் தாளம் உடம்பில் ஏறும். கிட்டார் பிள்ளைகளை நான் அங்கே அனுப்புவதுண்டு.

அம்புக்குறிகளை மனப்பாடம் செய்வது

கீழ், கீழ் மேல், மேல் கீழ் மேல். எல்லோரும் முதலில் கற்கும் அடி இதுதான். கை போகும் திசையை அம்புக்குறிகளாக எழுதித் தருவார்கள். மூன்றாவது பீட்டில் கை கம்பியைத் தொடாமல் கீழே போகிறது என்பதை அம்புக்குறி காட்டாது. அந்தத் தொடாத அடியையும் கை போட்டே ஆக வேண்டும்.

மெட்ரோனோமை முதல் நாளே 100-இல் வைப்பது

60 போதும்.

ப்ளூடூத் ஹெட்போன்

ஒலி பிந்தி வரும். வயர் உள்ளதை மாட்டுங்கள்.

எல்லாப் பாட்டுக்கும் ஒரே அடி

கும்மிப் பாட்டுகள் பலவும் மூன்று மூன்றாக நடப்பவை. நான்குக்கான அடியை அங்கே திணித்தால் இரண்டாவது வரியிலேயே இடிக்கும். 'தகிட தகிட' என்று சொல்லி, ஆறையும் கீழடியாகவே அடித்து, இரண்டு 'த'வையும் அழுத்துங்கள். மேலடி பிறகு சேரட்டும்.